சின்ன விமானத்துக்கு ரிசீவர்: தூரத்தைக் கடைசியில் பாருங்கள்

ரேடியோவில் பறக்கவிடும் மாதிரி விமானத்தில், நம் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்கும் கருவிதான் ரிசீவர். ரிசீவர் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது ரேஞ்ச், அதாவது சிக்னல் எட்டும் தூரம்தான். 500 மீட்டர், 1 கிலோமீட்டர், அதற்கும் மேல். சின்ன விமானத்துக்கு அந்த எண்ணை வைத்து ரிசீவர் எடுப்பதில் அர்த்தமே இல்லை. 75 செ.மீ. இறக்கை உள்ள விமானம் 200 மீட்டர் தள்ளிப் போனாலே நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. உருப்படியான எந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரும் அந்தத் தூரத்தைத் தாராளமாகத் தாண்டும். சின்ன விமானங்கள் கட்டுப்பாடு இழந்து விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: ரிசீவருக்குப் போகும் மின்னழுத்தம், ஆன்டெனா வைத்த இடம், அமைக்காமல் விட்ட ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு). ரிசீவரைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த மூன்றையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்களோடு பேசினால் எளிது. 3 மி.மீ. டெப்ரான் (ஒரு வகை ஃபோம் தகடு) அல்லது ஃபோம் போர்டில் வெட்டி ஒட்டிய விமானம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கை 75 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம். 2 செல் 450 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 10 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), மூன்று 5 கிராம் செர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்). மொத்த எடை சுமார் 140 கிராம்.

முதல் கேள்வி, கையில் எந்த டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது என்பது. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதால் மட்டும் ஒன்றோடொன்று பேசிவிடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு புரோட்டோகால் (பேசும் மொழி), அதற்குள்ளும் தலைமுறைகள். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 வைத்திருந்தால் உங்களுக்கு வேண்டியது ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ புரோட்டோகால் ரிசீவர். எஃப்எஸ்-ஆர்6பி போன்ற பழைய ரிசீவர்கள் 2ஏ-வுக்கு முந்தைய ஏஎஃப்எச்டிஎஸ். ஐ6-ல் மெனுவுக்குள் போய் 2ஏ-வை அணைத்தால்தான் அவை பைண்ட் ஆகும், அதாவது டிரான்ஸ்மிட்டரோடு ஜோடி சேரும். ஏஎஃப்எச்டிஎஸ் 3 ரிசீவர் வாங்கினால் அது ஐ6-ஓடு சேரவே சேராது.

ஃப்ரஸ்கையில் சிக்கல் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. டி8, டி16, ஆக்சஸ் மூன்றும் தனித்தனி. டி16-க்குள்ளேயே ஐரோப்பாவுக்கான எல்பிடி ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) மற்ற நாடுகளுக்கான எஃப்சிசி ஃபர்ம்வேரும் பைண்ட் ஆகாது. முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் சேராது. ரிசீவர் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் இரண்டு பக்கமும் என்ன ஃபர்ம்வேர் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பெக்ட்ரமில் டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ் என இரண்டு. அலைவரிசையில் தாவிக்கொண்டே இருக்கும் டிஎஸ்எம்எக்ஸ்தான் கூட்டமான மைதானத்தில் தாக்குப்பிடிக்கும்.

பல நிறுவனங்களின் மொழியையும் பேசும், நான்கு சிப்புகள் கொண்ட மல்டிபுரோட்டோகால் மாட்யூல் உங்கள் டிரான்ஸ்மிட்டரில் இருந்தால் தேர்வுகள் பெருகிவிடும். ஏ7105 சிப் ஃப்ளைஸ்கைக்கு, சிசி2500 ஃப்ரஸ்கைக்கு, சிஒய்ஆர்எஃப்6936 ஸ்பெக்ட்ரமுக்கு, என்ஆர்எஃப்24எல்01 பொம்மை விமானங்களுக்கு. சிசி2500 பயன்படுத்தும்போது ஃபைன் டியூன் என்ற ஒரு எண்ணைச் சரிசெய்வது கட்டாயம். மதிப்பை மெல்லக் கூட்டிக்கொண்டே போய் ரிசீவர் தொடர்பை விடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறைத்துக்கொண்டே போய் மறுமுனையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மேஜைமேல் நன்றாக வேலை செய்யும் ரிசீவர் 50 மீட்டரில் தடுமாறும்.

டிரான்ஸ்மிட்டரே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் என் பரிந்துரை 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். திறந்த மூல மென்பொருள் என்பதால் பல நிறுவனங்கள் ரிசீவர் செய்கின்றன, எல்லாம் ஒன்றோடொன்று பேசும். நொடிக்கு 50 முறை கட்டளை அனுப்பும் 50 ஹெர்ட்ஸ் வேகத்தில் இதன் உணர்திறன் மைனஸ் 115 டிபிஎம், 500 ஹெர்ட்ஸில் மைனஸ் 105; எண் கீழே போகப் போக இன்னும் மெல்லிய சிக்னலும் கேட்கும். நம்முடைய டெப்ரான் விமானத்துக்கு 50 அல்லது 150 ஹெர்ட்ஸ் போதும். வேகப் பந்தய டிரோன்காரர்களின் 500 நமக்கு எதையும் கூட்டித் தராது. ஆனால் டிரான்ஸ்மிட்டரில் 3-ம் பதிப்பும் ரிசீவரில் 2-ம் பதிப்பும் இருந்தால் பைண்ட் ஆகாது; முதல் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

868, 915 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்களை இந்த அளவு விமானத்துக்கு எடுக்க வேண்டாம். 868-ல் கால் அலைநீளமே 8.6 செ.மீ.; டி வடிவ ஆன்டெனா என்றால் 17 செ.மீ. அளவுக்கு நீளும். இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டைதான். 915-ஐச் சுற்றியுள்ள பகுதி கைபேசி நிறுவனங்களுடையது. அமெரிக்காவுக்கான 915 ரிசீவரை வாங்கி இங்கே பறக்கவிடுவது சட்டத்துக்கும் புறம்பு, குறுக்கீடும் அதிகம்.

அடுத்தது, ரிசீவரிலிருந்து வெளியே வருவது என்ன என்பது. வாங்கிய பிறகு ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அரை கிராம், ஒரு கிராம் எடையில் விற்கும் குட்டி ரிசீவர்களில் பெரும்பாலானவை டிரோனுக்கானவை. செர்வோவை நேராகச் செருக அவற்றில் இடமே இருக்காது. எஸ்பஸ், ஐபஸ், சிஆர்எஸ்எஃப் என்று ஒரே கம்பியில் எல்லாச் சேனலையும் (ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சேனல்) அனுப்பும். அதைப் புரிந்துகொள்ள ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற தனிச் சர்க்யூட் வேண்டும். ஃப்ளைஸ்கையின் எஃப்எஸ்-ஏ8எஸ், ஃப்ரஸ்கையின் எக்ஸ்எம்+, ஹாப்பிமாடலின் இபி1, இபி2 எல்லாம் இந்த வகை. செர்வோவுக்கு வேண்டியது ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக வரும் பிடபிள்யூஎம் பல்ஸ்: 1000 முதல் 2000 மைக்ரோ செகண்டு அகலம், 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. விவரத்தில் ‘பிடபிள்யூஎம்’ என்ற சொல்லும், படத்தில் மூன்று மூன்று பின்களாக வரிசையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸில் ரேடியோமாஸ்டரின் இஆர்4, இஆர்6 போன்றவை இப்படிப் பின்களோடு வருபவை.

சேனல் எத்தனை? ரட்டர் (இடவலம் திருப்பும் வால் மடல்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), திராட்டில் (மோட்டார் வேகம்) மட்டும் என்றால் 3. டெல்டா வடிவப் பறக்கும் இறக்கைக்கும் 3 போதும், ஏற்றி இறக்கும் வேலையையும் சாய்க்கும் வேலையையும் ஒரே மடலில் சேர்க்கும் எலிவான் கலவையை டிரான்ஸ்மிட்டரே செய்துவிடும். எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) சேர்ந்தால் 4. இரண்டு எய்லரான் செர்வோவை ஒய் கம்பியில் இணைத்தாலும் 4-தான். இரண்டையும் தனித்தனியாக இயக்கி ஃப்ளாப்பாகவும் பயன்படுத்த நினைத்தால் 5. நம் 140 கிராம் விமானத்துக்கு 4 சேனல் சரியாக இருக்கும், 6 இருந்தால் கெடுதல் இல்லை. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் 3-ம் பதிப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான சுவிட்ச் முறைகளில் 5-வது சேனல் ஆன், ஆஃப் என்ற இரண்டே நிலைதான் தரும். இரண்டாவது எய்லரானை 5-ல் செருகினால் அது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் தாவும். ரிசீவரின் வைஃபை பக்கத்தில் 5-வது பின்னுக்கு 6-வது சேனலை ஒதுக்கிக்கொள்ளலாம்.

சேனல் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளைஸ்கையில் எய்லரான், எலிவேட்டர், திராட்டில், ரட்டர். ஸ்பெக்ட்ரம் பழக்கத்தில் திராட்டில்தான் முதல். பழைய ரிசீவரிலிருந்த கம்பிகளை அப்படியே அதே எண்ணில் புதியதற்கு மாற்றினால், மோட்டாரின் ஈஎஸ்சி எய்லரான் சேனலில் போய் உட்காரும். ஸ்டிக் நடுவில் இருக்கும்போதே பாதி திராட்டில். புது ரிசீவர் என்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியைச் செருக வேண்டும்.

எடை பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஐ6-ஓடு பெட்டியில் பரவலாக வரும் எஃப்எஸ்-ஐஏ6பி 14.9 கிராம். எஃப்எஸ்-ஐஏ6 6.4 கிராம். நம் விமானத்தின் இறக்கைப் பரப்பு 12 சதுர டெசிமீட்டர். ஐஏ6பி-யோடு 140 கிராம் என்றால் சதுர டெசிமீட்டருக்கு 11.7 கிராம், ஐஏ6-க்கு மாறினால் சுமார் 11 கிராம். ஸ்டால் வேகம், அதாவது விமானம் விழாமல் பறக்கும் குறைந்தபட்ச வேகம், இதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, ஆக வித்தியாசம் சுமார் 3 சதவீதம். பறக்கும்போது தெரியவே தெரியாது. அதுவும் சின்ன ஃபோம் விமானங்களுக்குப் பெரும்பாலும் மூக்கில் எடை குறையும். காயின், ஈயத்துண்டு ஒட்டுவதற்குப் பதிலாகக் கனமான ரிசீவரையே முன்னால் தள்ளி வைத்தால் சி.ஜி. (எடை மையம்) சரியாகிவிடும்.

40 கிராம் விமானத்தில் கதையே மாறுகிறது. 1 கிராம் ரிசீவரோடு 40 கிராம் இருக்கும் விமானத்தில் 15 கிராம் ரிசீவரை வைத்தால் 54 கிராம். எடை 35 சதவீதம் கூடுகிறது, ஸ்டால் வேகம் 16 சதவீதம் கூடுகிறது. கூடத்துக்குள் மெல்லச் சுற்ற வேண்டிய விமானம் சுவருக்குச் சுவர் விரட்டும். 80 கிராமுக்குக் கீழே போனால் குட்டி பிடபிள்யூஎம் ரிசீவர்; அதற்கு மேல் இருந்தால் கையில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மின்னழுத்தம். விபத்துக்குப் பிறகு ‘சிக்னல் போய்விட்டது’ என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி உண்மையில் ரிசீவருக்கு மின்சாரம் போதாமல் போனதுதான்.

ஈஎஸ்சி-க்குள் இருக்கும் பிஇசி, பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் தருகிறது. விலை குறைந்த ஈஎஸ்சி-களில் இருப்பது லீனியர் பிஇசி: மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரித்துத்தான் அது குறைக்கும். 2 செல்லில் 1 ஆம்பியர் இழுத்தால் 7.4-லிருந்து 5-ஐக் கழித்து 2.4 வாட் வெப்பம். 3 செல்லில் 11.1-லிருந்து 5 போக 6.1 வாட். விரல் நகம் அளவு சில்லு, ஃபோமுக்குள் காற்றோட்டம் இல்லாமல் சுருட்டி வைத்தது, 6 வாட்டைத் தாங்காது. சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஒரு 9 கிராம் செர்வோ மாட்டிக்கொண்டால் தனியாகவே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டைவிலிருந்து விமானத்தை மேலே இழுக்கும்போது எலிவேட்டரும் எய்லரானும் ஒரே நேரத்தில் காற்றை எதிர்த்துத் தள்ளுகின்றன. அந்த நொடியில் 5 வோல்ட் 4-க்குக் கீழே சரிந்தால் ஐஏ6பி போன்ற ரிசீவர் வேலையை நிறுத்திவிடும், அதன் குறைந்தபட்ச வோல்ட் 4.0. செர்வோக்கள் சும்மா விட்டவுடன் மின்னழுத்தம் ஏறும், ரிசீவர் மறுபடி தொடங்கி டிரான்ஸ்மிட்டரைத் தேடும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அந்தத் தேடலுக்கு நேரம் கிடையாது. விழுந்த பிறகு எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் பழி ரேடியோமேல் விழுகிறது.

ஆகவே ரிசீவர் விவரத்தில் ரேஞ்சுக்கு முன் குறைந்தபட்ச வோல்ட்டைப் படியுங்கள். 3.5 என்று இருந்தால் நல்லது, 4.5 என்று இருந்தால் உங்கள் பிஇசி திடமாக இருக்க வேண்டும். 2 செல்லில் மூன்று 5 கிராம் செர்வோ என்றால் லீனியர் பிஇசி போதும். 3 செல், நான்கு 9 கிராம் செர்வோ என்று போனால் அதிகம் சூடாகாத ஸ்விட்ச்சிங் பிஇசி உள்ள ஈஎஸ்சி வாங்குங்கள். காலியான ஒரு சேனலில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட், 10 அல்லது 16 வோல்ட் லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கப்பாசிட்டரைச் செருகினால் கணநேரச் சரிவுகளை அது தாங்கிக்கொள்ளும். கோடு போட்ட கால் நெகட்டிவில், அதாவது பழுப்பு அல்லது கறுப்புக் கம்பிப் பக்கம். மாற்றிச் செருகினால் வெடிக்கும். பிஇசி சூடேறி அணைவதற்குக் கப்பாசிட்டர் மருந்தாகாது.

1 செல் விமானங்களில் இது இன்னும் கறார். முழு சார்ஜில் 4.2 வோல்ட், பறக்கும் சுமையில் 3.3 வரை இறங்கும். 4 வோல்ட் கேட்கும் ரிசீவரை நேராக மாட்டினால் முதல் நிமிடம் பறந்துவிட்டு அப்புறம் செத்துவிடும். 3.3-லும் ஓடும் ரிசீவர் வேண்டும். அல்லது 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் பூஸ்ட் பிஇசி உள்ள 1 செல் ஈஎஸ்சி வேண்டும்.

ஆன்டெனாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐஏ6பி போன்ற ரிசீவர்களில் சாம்பல் அல்லது கறுப்பு நிறக் கம்பி ஒன்று நீளமாக வந்து, நுனியில் மட்டும் மெல்லியதாக முடியும். தடித்த பகுதி வெறும் கோஆக்ஸ் கேபிள், அது அலையை வாங்குவதில்லை. நுனியிலுள்ள சுமார் 31 மி.மீ. மட்டுமே ஆன்டெனா, 2.4 கிகாஹெர்ட்ஸின் கால் அலைநீளம் அது. அதை வெட்டக் கூடாது, மடக்கக் கூடாது, மோட்டார் கம்பியோடு சேர்த்து டேப் சுற்றக் கூடாது. நுனி ஒடிந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. கோஆக்ஸின் மேலுறையையும் உள்ளே இருக்கும் பின்னல் கம்பியையும் 31 மி.மீ. நீளத்துக்குக் கவனமாக உரித்தெடுத்தால் மறுபடி ஆன்டெனா தயார். நடு இழையின் வெள்ளை உறையில் கீறல் விழக் கூடாது.

ஃபோம் ரேடியோ அலையைத் தடுக்காது, அதனால் உள்ளேயே ஒட்டலாம். கார்பன் குழாய் தடுக்கும், லிப்போ தடுக்கும், ஈஎஸ்சி-யும் தடுக்கும். இறக்கையில் கார்பன் ஸ்பார் (தாங்கு கம்பி) ஓடினால் ஆன்டெனாவை அதற்கு இணையாக ஒட்டாமல் விலக்கி, குறுக்காக வையுங்கள். கம்பி தன் நுனி காட்டும் திசையில் மிகக் குறைவாகக் கேட்கும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 பாகையில்: ஒன்று இறக்கை நெடுக, ஒன்று நிமிர்ந்து. ஒன்றுதான் என்றால் நிமிர்த்தி வைப்பது நல்லது. இபி2 போல் செராமிக் ஆன்டெனா வைத்த குட்டிகளில் நீட்டவோ வளைக்கவோ எதுவும் இல்லை. விமானத்தின் ஓரமாக, பேட்டரியிலிருந்து தள்ளி ஒட்டினால் போதும். கழற்றக்கூடிய ஆன்டெனா என்றால் அந்தக் குட்டிக் கனெக்டர் ஒரு முரட்டுத் தரையிறக்கத்தில் கழன்றுவிடும், ஒரு துளி ஹாட் குளூ வைத்துவிடுங்கள்.

பைண்ட் செய்வது பெரிய வேலை இல்லை. ஐஏ6, ஐஏ6பி-யில் பைண்ட் பிளக்கை பி/விசிசி-யில் செருகி மின்சாரம் கொடுங்கள், ஐ6-ல் பைண்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவரை மூன்று முறை அடுத்தடுத்து ஆன், ஆஃப் செய்தால் எல்இடி இரட்டையாகச் சிமிட்டும். மேலே சொன்ன கப்பாசிட்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஆஃப் செய்த பிறகும் அது சற்று நேரம் மின்சாரம் கொடுப்பதால் ரிசீவர் அதை ஆஃப் என்று எண்ணாது. டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யாமல் 60 நொடி விட்டால் ரிசீவர் வைஃபைக்குப் போய்விடும். பேட்டரியைக் கழற்றி மறுபடி செருகுங்கள், பழுது இல்லை.

ஃபெயில்சேஃபை நீங்களே அமைக்க வேண்டும். சிக்னல் போனால் கடைசி நிலையை அப்படியே பிடித்துக்கொள்ளும் ரிசீவர்கள் உண்டு. முக்கால் திராட்டிலில் போனால் முக்கால் திராட்டிலிலேயே போய்க்கொண்டிருக்கும். 140 கிராம் ஃபோம்தான் என்றாலும் சுற்றும் ப்ரொப்பெல்லரோடு சாலையில் இறங்கினால் ஆளைக் காயப்படுத்தும். ஐ6-ல் சிஸ்டம் மெனு, ஆர்எக்ஸ் செட்டப், ஃபெயில்சேஃப். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பிடபிள்யூஎம் ரிசீவரில் வைஃபை பக்கத்தில் ஒவ்வொரு பின்னுக்கும் தனியாக. திராட்டில் முழுக்க கீழே, எலிவேட்டர் லேசாக மேலே, ரட்டர் லேசாக ஒரு பக்கம். மோட்டார் நின்று, விமானம் காற்றில் அடித்துப் போகாமல் வட்டமிட்டபடி கீழே இறங்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, பாதி திராட்டில் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். ரிசீவர் ஓடும்போது அணைய மறுக்கும் டிரான்ஸ்மிட்டர்களும் உண்டு, அப்போது அதன் பேட்டரியை உருவிவிடுங்கள்.

டெலிமெட்ரி (ரிசீவர் திருப்பி அனுப்பும் தகவல்) இருந்தால் இரண்டே இரண்டை மட்டும் பாருங்கள்: பேட்டரி வோல்ட், எல்கியூ (தொடர்பின் தரம்). ‘டெலிமெட்ரி லாஸ்ட்’ என்று குரல் வந்ததும் பதற வேண்டாம். விமானத்திலிருந்து திரும்பி வரும் சிக்னல் பல ரிசீவர்களில் நாம் அனுப்புவதைவிட வலு குறைந்தது, அதனால் அதுதான் முதலில் அறுபடும். கட்டுப்பாடு இன்னும் உங்கள் கையில் இருக்கும், விமானத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ரேஞ்ச். ஸ்பெக்ட்ரம், ஃப்ரஸ்கை போன்றவற்றில் ரேஞ்ச் செக் முறை உண்டு. சக்தியைக் குறைத்துக்கொண்டு சுமார் 30 மீட்டரில் சோதிப்பது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸில் சக்தியை இருப்பதிலேயே குறைந்த அளவுக்கு வைத்துச் செய்யலாம். விமானத்தை இன்னொருவர் இடுப்புயரத்தில் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் 30 மீட்டர் நடந்து போய்ச் செர்வோக்களை ஆட்டுங்கள். அவர் விமானத்தை எல்லாப் பக்கமும் திருப்பட்டும். முதலில் மோட்டார் நிறுத்தி, பிறகு பாதி திராட்டிலில், பிறகு முழு திராட்டிலில். மோட்டார் நின்றிருக்கும்போதே ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் செர்வோ தடுமாறினால் ஆன்டெனாவை நகர்த்துங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் தடுமாறினால் ரிசீவரை மாற்றாதீர்கள்: ஆன்டெனாவை ஈஎஸ்சி-யிலிருந்து 5 செ.மீ.-யாவது தள்ளி வையுங்கள், மோட்டாரின் மூன்று கம்பிகளை ரிசீவர் பக்கமிருந்து விலக்குங்கள், பிறகு பிஇசி வோல்ட்டை முழு திராட்டிலில், எல்லாச் செர்வோவையும் ஆட்டிக்கொண்டே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ரிசீவரின் குறைந்தபட்சத்தைவிட அரை வோல்ட்டாவது மேலே நின்றால் பறக்கவிடலாம்.